இலவச கிளவுடில் உங்கள் கன்டெய்னர் ஏன் தூங்குகிறது?

டெலிகிராமில் தானாகப் பதில் சொல்லும் பாட் ஒன்று, வீட்டுச் செலவுக் கணக்குக்கு ஒரு குட்டி வலைச்செயலி, நண்பர்கள் நாலு பேர் மட்டும் பார்க்கும் ஸ்கோர் பக்கம். இப்படி ஏதோ ஒன்றை எழுதி, டாக்கர் இமேஜாகவும் (செயலியும் அதற்குத் தேவையானவையும் அடங்கிய பொட்டலம்) கட்டி, லேப்டாப்பில் ஓடவும் விட்டாயிற்று. இனி எங்காவது காசில்லாமல் ஏற்ற வேண்டும். தேடிப் பார்த்தால் கிடைக்கும் பட்டியல்கள் எல்லாமே ஒரே அச்சு: சேவையின் பெயர், எத்தனை எம்பி ராம், மாதம் எத்தனை மணி நேரம். சீக்கிரமே பழசாகிவிடும் பட்டியல்கள் அவை. அந்த எண்கள் ஏன் அப்படி இருக்கின்றன என்பதைப் புரிந்துகொண்டால், நாளைக்குப் புதிதாக வரும் சேவையையும் நீங்களே எடை போட்டுவிடலாம். கீழே நான் சொல்லும் எண்களுக்கும் இதே கதிதான், அதனால் ஏற்றுவதற்கு முன் அந்தந்த சேவையின் விலைப் பக்கத்தை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

முதலில் சேவை நடத்துபவரின் பக்கம் இருந்து பார்ப்போம். அந்த இமேஜ் ஓடும்போது அதற்குப் பெயர் கன்டெய்னர். அது தனி இயந்திரம் இல்லை, வேலியடைத்த ஒரு சாதாரண லினக்ஸ் ப்ராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்), அவ்வளவுதான். எதையெல்லாம் அது பார்க்கலாம் என்பதை நேம்ஸ்பேஸ் கட்டுப்படுத்தும், எவ்வளவு தின்னலாம் என்பதை சிகுரூப் கட்டுப்படுத்தும். இந்த சிகுரூப் வேலையை கூகுள் பொறியாளர்கள் 2006-ல் தொடங்கினார்கள், 2008 ஜனவரியில் வந்த 2.6.24 லினக்ஸ் கர்னலில் (இயங்குதளத்தின் மையப்பகுதி) அது சேர்ந்தது. 2013 மார்ச்சில் டாக்கர் வந்து இதையெல்லாம் நம்மைப் போன்றவர்களும் ஒரே கட்டளையில் தொடும்படி செய்தது. சரி, இதில் காசு எங்கே போகிறது? உங்கள் பாட் சும்மா இருக்கும்போது சிபியு செலவு கிட்டத்தட்ட பூஜ்யம், அந்த நேரத்தைக் கர்னல் பக்கத்துக் கன்டெய்னருக்குக் கொடுத்துவிடும். அதனால் ஒரே சிபியுவை நிறையப் பேருக்கு "உங்களுடையது" என்று சொல்லி விற்க முடியும். ராம் விஷயம் வேறு. யாருமே எட்டிப் பார்க்காத நோட்.ஜேஎஸ் (Node.js) செயலிகூடச் சில பத்து எம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அதை அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டுமென்றால் அந்தப் ப்ராசஸை நிறுத்துவதுதான் நேர்வழி.

தூக்கம் என்ற ஏற்பாடு இங்கிருந்துதான் வருகிறது. கொஞ்ச நேரம் யாரும் வரவில்லை என்றால் கன்டெய்னரை நிறுத்திவிடுவார்கள், முன்னால் நின்று கோரிக்கைகளை வாங்கும் ப்ராக்ஸி மட்டும் விழித்திருக்கும். அடுத்த கோரிக்கை வந்ததும் அதைப் பிடித்து வைத்துக்கொண்டு, காலியாக இருக்கும் ஏதோ ஒரு இயந்திரத்தில் உங்கள் இமேஜை மறுபடி கிளப்பி, அப்புறம் உள்ளே விடும். "ஏதோ ஒரு இயந்திரத்தில்" என்பதைக் கவனியுங்கள். எங்கே வேண்டுமானாலும் எழுப்ப முடிய வேண்டும் என்றால், குறிப்பிட்ட ஒரு இயந்திரத்தின் டிஸ்கோடு உங்களைக் கட்டிப்போட முடியாது. அதனால்தான் தூங்கவைக்கும் சேவைகளில் பெரும்பாலும் நிலையான டிஸ்கும் இருக்காது. இரண்டு குறைகளுக்கும் காரணம் ஒன்றுதான். ஓடும் நேரத்தை எந்த நொடியும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம், அதனால் தாராளமாகக் கொடுக்கிறார்கள். எழுதிவைத்த தரவைத் திரும்ப எடுத்தால் கத்துவீர்கள், அதனால் அதில் கஞ்சத்தனம். இலவச சேவை தேடும்போது "எங்கே ஓடும்?" என்று தொடங்காதீர்கள், "தரவு எங்கே உட்காரும்?" என்று தொடங்குங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

இதற்கெல்லாம் முன்மாதிரி ஹெரோகு என்ற கிளவுட் சேவை. 2007-ல் தொடங்கி, 2010-ல் சேல்ஸ்ஃபோர்ஸ் நிறுவனத்தின் கைக்குப் போனது. அவர்கள் டைனோ என்று சொன்னதும் உள்ளே கன்டெய்னர்தான். 30 நிமிடம் யாரும் வராவிட்டால் தூங்கும், மாதம் 550 மணி நேரம் இலவசம், கிரெடிட் கார்டு கொடுத்தால் 1,000 மணி நேரம். ஒரு தலைமுறை மாணவர்கள் தங்கள் முதல் செயலியை ஏற்றிய இடம் அது. 2022 ஆகஸ்டில் இலவசத் திட்டங்களை நிறுத்துவதாக அறிவித்து, நவம்பர் 28-ல் நிறுத்தினார்கள். மோசடியையும் துஷ்பிரயோகத்தையும் சமாளிக்கவே பொறியாளர்களின் நேரம் போகிறது என்று காரணம் சொன்னார்கள்.

அது வெறும் சாக்கு என்று அப்போது நிறையப் பேர் திட்டினார்கள். ஆனால் அதே ஆண்டு அக்டோபரில் சிஸ்டிக் என்ற பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்ட ஆய்வைப் பார்த்தால் அப்படி ஒதுக்கிவிட முடியாது. ஒரே கும்பல் ஹெரோகுவில் சுமார் 2,000 கணக்குகள், பட்டி என்ற சேவையில் 900 கணக்குகள், கிட்ஹப்பில் 30-க்கு மேல் என்று தானியங்கியாகத் திறந்து, மனிதர்தானா என்று சோதிக்கும் கேப்ட்சாவையும் நிரல் வைத்தே தாண்டி, கிரிப்டோ நாணயம் தோண்டிக்கொண்டிருந்தது. அதில் வரும் வருமானமோ சில்லறை. இந்த வழியில் ஒரு மொனேரோ நாணயம் தோண்ட சேவை நிறுவனத்துக்கு ஒரு லட்சம் டாலருக்கு மேல் செலவாகும் என்று சிஸ்டிக் கணக்குப் போட்டது, அந்த நாணயத்தின் அன்றைய விலை 150 டாலருக்கும் கீழே. தங்களுக்கு இலவசம் என்பதால் தோண்டுபவர்களுக்கு இந்த விகிதம் ஒரு பொருட்டே இல்லை. கிட்லேப் 2021 மே மாதமே புதிய இலவசக் கணக்குகளுக்கு கார்டு கேட்க ஆரம்பித்ததும் இதே தொல்லையால்தான். ஹெரோகுவுக்குப் பிறகு ஒவ்வொன்றாகக் கதவு சாத்தப்பட்டது. ரெயில்வே என்ற கிளவுட் சேவை 2023-ல் வழக்கமான இலவசத் திட்டத்தை எடுத்துவிட்டு ஒருதடவை மட்டும் கிடைக்கும் சோதனைத் தொகைக்கு மாறியது, ஃப்ளை.ஐஓ 2024-ல் புதியவர்களுக்கு இலவச ஒதுக்கீட்டை நிறுத்தியது, க்ளிட்ச் 2025 ஜூலையில் செயலிகளை ஓட்டுவதையே விட்டுவிட்டது.

இப்போது கிடைப்பவை மோட்டாவாக இரண்டு ஜாதி: தூங்குகிறவை, தூங்காதவை.

தூங்குகிற ஜாதியில் எளிமையானது ரெண்டர். 512 எம்பி ராம், ஒரு சிபியுவில் பத்தில் ஒரு பங்கு, 15 நிமிடம் யாரும் வராவிட்டால் தூக்கம், எழுந்திருக்க ஒரு நிமிடம் வரை ஆகலாம் என்று அவர்களே சொல்கிறார்கள். மாதம் 750 மணி நேரம் இலவசம். 31 நாள் மாதத்துக்கு மொத்தமே 744 மணி நேரம்தான். ஆக, வெளியிலிருந்து பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தட்டி எழுப்பிக்கொண்டே இருந்தால் ஒரு செயலியை மாதம் முழுக்க விழித்திருக்க வைக்கலாம், இரண்டை முடியாது. பலர் செய்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை, நியாயம் அநியாயம் பார்த்து அல்ல, எல்லோரும் இப்படித் தட்டிக்கொண்டே இருந்தால் அந்த இலவசத் திட்டத்தின் கணக்கே உதைக்கும், அப்புறம் அதுவும் ஹெரோகு போன வழியில் போகும்.

அதைவிட, தூக்கத்தைத் தாங்கும்படி செயலியையே எழுதிவிடலாம். டெலிகிராம் பாட்டையே எடுத்துக்கொள்வோம். அதை இரண்டு விதமாக எழுதலாம். போலிங் முறையில் உங்கள் நிரல்தான் ஓயாமல் டெலிகிராமிடம் போய் "ஏதாவது செய்தி வந்ததா?" என்று கேட்டுக்கொண்டிருக்கும். வெளியிலிருந்து எந்தக் கோரிக்கையும் வராததால் ப்ராக்ஸியைப் பொறுத்தவரை இந்தச் செயலிக்கு ஆளே இல்லை, தூங்கவைத்துவிடும், பாட் செத்துப்போகும். வெப்ஹுக் முறையில் செய்தி வந்தால் டெலிகிராமே உங்கள் முகவரிக்கு அனுப்பும், அந்தக் கோரிக்கையே கன்டெய்னரை எழுப்பிவிடும், முதல் தடவை பதில் கிடைக்காவிட்டால் டெலிகிராம் மறுபடி முயலும். அதே பாட், அதே இலவச சேவை, ஒன்று ஓடாது, மற்றது வருஷக்கணக்கில் ஓடும். டிஸ்கார்டில் கொஞ்சம் கஷ்டம். வழக்கமான பாட்டுக்கு வெப்சாக்கெட் இணைப்பு எப்போதும் திறந்திருக்க வேண்டும். '/' என்று தொடங்கும் ஸ்லாஷ் கட்டளைகளை மட்டும் எச்டிடிபி வழியாக (சாதாரண வலைக் கோரிக்கையாக) வாங்கலாம், ஆனால் 3 நொடிக்குள் முதல் பதில் போயாக வேண்டும். ஒரு நிமிடம் சோம்பல் முறிக்கும் கன்டெய்னரால் அது ஆகாது.

எழுந்திருக்கும் நேரம் பெரும்பாலும் உங்கள் கையில்தான் இருக்கிறது. கோ மொழியில் எழுதிய சின்ன நிரல் கண் இமைக்கும் நேரத்தில் கிளம்பிவிடும், ஜாவாவில் எழுதும் ஸ்பிரிங் பூட் செயலிக்குப் பத்தில் ஒரு பங்கு சிபியுவைக் கொடுத்தால் நீங்கள் காபி போட்டுக் குடித்துவிட்டே வரலாம். 512 எம்பியில் ஜாவா ஓட்டுகிறவர்கள் பழைய ஜேடிகே (ஜாவா கருவித்தொகுப்பு) வைத்திருந்தால் மாற்றிவிடுங்கள். கன்டெய்னரின் ராம் வரம்பைத் தானாகப் பார்க்கத் தெரிந்தது ஜாவா 10-லிருந்துதான், அப்புறம் 8-ன் பிந்தைய பதிப்புகளுக்கும் அது வந்தது. அதற்கு முந்தையது முழு இயந்திரத்தின் ராமையும் தன்னுடையது என்று நினைத்துக்கொண்டு வளரும், கர்னல் அடித்துப்போடும், லாக் பதிவில் 137 என்ற எண் மட்டும் மிஞ்சும். 128-உம், கொல்லும் சிக்னலின் எண்ணான 9-உம் சேர்ந்ததுதான் அந்த 137. அதைப் பார்த்ததும் நிரலில் பிழை தேடாமல் ராமைப் பாருங்கள்.

கூகுளின் கிளவுட் ரன் இதே ஜாதிதான் என்றாலும் கணக்கு வேறு மாதிரி, என்னைக் கேட்டால் தனிப்பட்ட செயலிகளுக்கு இப்போதைக்கு இதுதான் நல்ல பேரம். 2019-ல் வந்தது. மாதம் 20 லட்சம் கோரிக்கைகள், 1,80,000 விசிபியு-நொடிகள் (ஒரு மெய்நிகர் சிபியு ஒரு நொடி ஓடினால் ஒன்று), 3,60,000 ஜிபி-நொடிகள் (ஒரு ஜிபி ராமை ஒரு நொடி பிடித்தால் ஒன்று) இலவசம். ஒரு முழு சிபியு என்று வைத்தால் 1,80,000 நொடி என்பது 50 மணி நேரம். 30 நாள் மாதத்தில் 720 மணி நேரம் இருக்கும்போது இது என்ன பெரிய இலவசம் என்று தோன்றும். ஆனால் மீட்டர் ஓடுவது கோரிக்கைக்குப் பதில் சொல்லும் நேரத்திலும் கன்டெய்னர் கிளம்பும் நேரத்திலும் மட்டும்தான். ஒரு கோரிக்கைக்கு 200 மில்லிநொடி என்றால் 50 மணி நேரத்தில் ஒன்பது லட்சம் கோரிக்கைகள் அடங்கும். அதுவும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தால்தான் அந்தக் கணக்கு. ஒரே நேரத்தில் பத்துப் பேர் வந்து ஒரே கன்டெய்னர் பத்துப் பேருக்கும் பதில் சொன்னால் மீட்டர் ஒன்றுதான். ராம் 512 எம்பி வைத்தால் அதற்கான ஒதுக்கீடு 200 மணி நேரம் வரும், ஆக முதலில் தீர்வது சிபியுதான். அஸூரின் கன்டெய்னர் ஆப்ஸும் இதே எண்களைத்தான் தருகிறது, அச்சு அசல்.

இதில் ஒரு பொறி உண்டு. கோரிக்கை இல்லாத நேரத்தில் சிபியுவைக் கிட்டத்தட்ட முழுக்கப் பிடுங்கிவிடுவார்கள். "ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை இதைச் செய்" என்று செயலிக்குள்ளேயே டைமர் வைத்திருந்தால் அது ஓடாது, ஓடுகிற மாதிரி பாவனைகூடக் காட்டாது. அந்த வேலையை ஒரு முகவரியாக மாற்றி, வெளியிலிருந்து ஷெட்யூலர் வைத்துத் தட்ட வேண்டும். கூகுளிலேயே மூன்று ஷெட்யூலர் வேலைகள் இலவசம். அதேபோல, உள்ளே எழுதும் கோப்புகள் டிஸ்கில் உட்காருவதில்லை, ராமிலேயே உட்காருகின்றன. லாக் கோப்பை வளரவிட்டால் ராம் தீர்ந்துவிடும்.

மெஷின் லேர்னிங் டெமோ என்றால் ஹக்கிங் ஃபேஸ் ஸ்பேசஸ் பக்கம் போகலாம். 2 விசிபியு, 16 ஜிபி ராம், டாக்கர் இமேஜும் ஏற்கும், 48 மணி நேரம் ஆள் வராவிட்டால்தான் தூங்கும். இங்கேயும் நிலையான டிஸ்க் இலவசம் இல்லை.

ஆக, தரவு. எஸ்க்யூலைட் (ஒரே கோப்பில் அடங்கும் தரவுத்தளம்) கோப்பை கன்டெய்னருக்குள்ளேயே வைத்து ஏற்றினால் முதல் நாள் அருமையாக ஓடும், அடுத்த முறை தூங்கி எழும்போது வெறுமையாக இருக்கும். வழி இரண்டு. ஒன்று, தரவுத்தளத்தை வேறொரு இலவச சேவையில் வைப்பது. நியான் என்ற சேவை அரை ஜிபி போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் தருகிறது, அதுவும் பயன்பாடு இல்லாதபோது தூங்கும், ஆக உங்கள் முதல் கோரிக்கை இரண்டு பேரை எழுப்ப வேண்டும். சூபாபேஸ் 500 எம்பி தரும், ஒரு வாரம் தொடவில்லை என்றால் இடைநிறுத்திவிடும், நீங்கள்தான் போய் மீட்க வேண்டும். ரெண்டரின் இலவச போஸ்ட்கிரெஸுக்கு ஆயுளே 30 நாள், அதைத் தரவுத்தளம் என்று சொல்வதற்கே எனக்கு மனசு வரவில்லை. இரண்டாவது வழி, எஸ்க்யூலைட்டையே வைத்துக்கொண்டு லைட்ஸ்ட்ரீம் என்ற கருவியால் ஒவ்வொரு மாற்றத்தையும் அமேசான் எஸ்3 வகை கிளவுட் கோப்புச் சேமிப்புக்கு அனுப்பிக்கொண்டிருப்பது. கன்டெய்னர் எழும்போது அங்கிருந்து இறக்கிக்கொள்ளும். கிளவுட்ஃப்ளேரின் ஆர்2 என்ற அத்தகைய சேமிப்பில் 10 ஜிபி வரை இலவசம் என்பதால் சின்னச் செயலிக்கு இது தாராளம். ஒரே நேரத்தில் ஒரு கன்டெய்னர் மட்டும்தான் எழுத வேண்டும் என்ற நிபந்தனையை மறக்காதீர்கள், கிளவுட் ரன்னில் அதிகபட்ச எண்ணிக்கையை 1 என்று வைத்தே ஆக வேண்டும்.

தூங்காத ஜாதி என்பது முழு விஎம், அதாவது மெய்நிகர் இயந்திரம். டாக்கரை நீங்களே நிறுவி, பல கன்டெய்னர்களைச் சேர்த்து ஓட்டும் காம்போஸ் கோப்பை அப்படியே இறக்கி ஓட்டலாம். இதில் எல்லோர் வாயிலும் விழுந்தது ஆரக்கிள். 2019 செப்டம்பரில் "என்றும் இலவசம்" என்று அறிவித்தார்கள், 2021-ல் ஆர்ம் சிபியுக்களையும் (இன்டெல்லிலிருந்து வேறுபட்ட வகை) சேர்த்தார்கள்: 4 கோர், 24 ஜிபி ராம், 200 ஜிபி டிஸ்க், மாதம் 10 டிபி வெளிப்போக்குவரத்து (வெளியே அனுப்பும் தரவு). வேறு யாரும் இதன் பக்கத்தில்கூட வரவில்லை. பிறகு ஏன் எல்லோரும் அங்கே போகவில்லை? பதிவு செய்யும்போது தேர்ந்தெடுக்கும் வட்டாரத்தை (இயந்திரங்கள் இருக்கும் இடம்) அப்புறம் மாற்ற முடியாது, அங்கே இலவச ஆர்ம் இயந்திரம் காலி இல்லை என்றால் "இடமில்லை" என்ற பிழைச்செய்தியையே நாள்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். கிடைத்தாலும், ஏழு நாள் தொடர்ந்து சிபியு, நெட்வொர்க், ராம் மூன்றின் பயன்பாடும் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் சும்மா கிடக்கிறது என்று எடுத்துக்கொள்வார்கள். வீட்டுச் செலவுக் கணக்குச் செயலி எந்தக் காலத்தில் 24 ஜிபியில் 20 சதவீதத்தைத் தொடும்? இதற்காகவே வெறுமனே சிபியுவைச் சுழற்றும் நிரல்களை எழுதி வைத்திருக்கிறார்கள், பார்க்கவே அபத்தமாக இருக்கும். கணக்கைப் "பயன்படுத்தியதற்குப் பணம்" என்ற வகைக்கு மாற்றிக்கொண்டால் இந்தப் பறிமுதல் இல்லை, இலவச அளவுக்குள் நின்றால் கட்டணமும் இல்லை.

ஆர்ம் என்பதால் இன்னொன்றும் உண்டு. இன்டெல் லேப்டாப்பில் கட்டிய இமேஜை அங்கே கொண்டுபோனால் "எக்ஸெக் ஃபார்மேட் எரர்" என்று ஒற்றை வரியோடு நின்றுவிடும். டாக்கரின் பில்ட்எக்ஸ் கருவி கொண்டு இரண்டு சிபியு வகைக்கும் சேர்த்துக் கட்டுங்கள், இல்லையென்றால் அந்த விஎம்மிலேயே கட்டிவிடுங்கள்.

கூகுளின் ஈ2-மைக்ரோ விஎம் அமெரிக்காவில் மூன்று வட்டாரங்களில் மட்டும் இலவசம்: 1 ஜிபி ராம், 30 ஜிபி டிஸ்க், மாதம் 1 ஜிபி வெளிப்போக்குவரத்து. டிஸ்க் வகையை "ஸ்டாண்டர்ட்" என்று நீங்களாகத்தான் மாற்ற வேண்டும், கன்சோல் தானாக எடுத்துவைக்கும் "பேலன்ஸ்டு" வகை இலவசத்தில் வராது. அமேசான் 12 மாத இலவசத்தை 2025 ஜூலையில் புதியவர்களுக்கு நிறுத்தி, டாலர் கிரெடிட்டாக மாற்றிவிட்டது.

விஎம் வைத்திருப்பவர்கள் காவலையும் தாங்களே பார்க்க வேண்டும். ரொம்பப் பேருக்குத் தெரியாத ஒன்று: லினக்ஸின் யுஎஃப்டபிள்யூ ஃபயர்வாலில் எல்லாப் போர்ட்டையும் (இணைப்பு வாசல்) மூடிவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பீர்கள், ஆனால் டாக்கர் வெளியே திறக்கும் போர்ட் அந்த விதிகளைத் தாண்டிப் போய்விடும், ஏனென்றால் டாக்கர் தன் விதிகளை நேரடியாகக் கர்னலின் ஃபயர்வால் விதிப்பட்டியலான ஐபிடேபிள்ஸில் எழுதுகிறது. கடவுச்சொல் இல்லாத ரெடிஸ் தரவுத்தளம் ஒன்று இப்படி 6379-ல் வெளியே தெரிந்தால், மேலே சொன்ன நாணயத் தோண்டிகள் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். போர்ட்டை 127.0.0.1-க்கு, அதாவது அந்த இயந்திரத்துக்குள்ளேயே மட்டும் திறந்து, முன்னால் கேடி (Caddy), என்ஜின்எக்ஸ் (Nginx) போன்ற ப்ராக்ஸி ஒன்றை வையுங்கள்.

பணம் பற்றிய பயம் நியாயமானதுதான். கூகுளில் பட்ஜெட் வைத்தால் அது எச்சரிக்கை மின்னஞ்சல் மட்டும்தான் அனுப்பும், எதையும் நிறுத்தாது. 2024 பிப்ரவரியில் நெட்லிஃபை என்ற சேவையின் இலவசத் திட்டத்தில் வெறும் நிலைப்பக்கங்கள் வைத்திருந்த ஒருவருக்கு, யாரோ ஒரு ஒலிக்கோப்பைத் திரும்பத் திரும்ப இறக்கியதால், 1,04,000 டாலருக்கு மேல் பில் வந்தது. விஷயம் வெளியே பரவியதும் நிறுவனம் தள்ளுபடி செய்தது. கார்டு கொடுக்காத சேவையில் அதிகபட்சம் உங்கள் செயலி நின்றுபோகும், கார்டு கொடுத்த சேவையில் அது நிற்காமல் ஓடும். எனவே கார்டு கொடுத்த இடத்தில் கன்டெய்னர் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு வைப்பது முதல் வேலை.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு கார்டே ஒரு தடைதான். டெபிட், ப்ரீபெய்டு கார்டுகளைப் பல சேவைகள் ஏற்பதில்லை, 2021 அக்டோபரில் ரிசர்வ் வங்கியின் தானியங்கிக் கட்டண விதிகள் வந்த பிறகு வெளிநாட்டு நிறுவனங்கள் மாதாமாதம் எடுக்கும் தொகைகளும் திரும்பிப்போக ஆரம்பித்தன. கிரெடிட் கார்டு இல்லாத மாணவருக்கு ஹக்கிங் ஃபேஸ் போல கார்டு கேட்காத இடம்தான் மிச்சம். அல்லது வீட்டில் கிடக்கும் பழைய லேப்டாப். வீட்டு இணைப்பில் தனி ஐபி முகவரி இல்லாமல் சிஜிநாட்டுக்கு (பல வீடுகளுக்கு ஒரே பொது முகவரி) பின்னால் இருந்தாலும் கவலையில்லை, 2021-லிருந்து இலவசமாகக் கிடைக்கும் கிளவுட்ஃப்ளேர் டனல், உள்ளேயிருந்து வெளியே போகும் இணைப்பின் வழியாகவே உங்கள் கன்டெய்னரை உலகத்துக்குக் காட்டிவிடும். சொந்த டிஸ்க், தூக்கம் கிடையாது, மின்வெட்டு மட்டும் உண்டு.

எந்த வழியில் போனாலும் காசு கொடுத்து வாங்க வேண்டியது ஒன்று இருக்கிறது: சொந்த டொமைன். ஹெரோகு இலவசத்தை நிறுத்தியபோது இமேஜைத் தூக்கி வேறிடத்தில் வைப்பது ஒரு மாலை வேலைதான், கன்டெய்னரின் லாபமே அதுதானே. பயோடேட்டாவிலும் நண்பர்களின் புக்மார்க்கிலும் ஹெரோகு முகவரியையே கொடுத்து வைத்திருந்தவர்களால் அதை மட்டும் தூக்க முடியவில்லை. சொந்தப் பெயர் இருந்தால் சேவை மாறும் நாளில் டிஎன்எஸ்ஸில் (பெயரை இடத்தோடு இணைக்கும் பட்டியல்) ஒரு வரியை மாற்றினால் போதும், அதுவும் டிடிஎல்லை (அந்த வரியை மற்றவர்கள் நினைவில் வைத்திருக்கும் நேரம்) முந்தின நாளே ஐந்து நிமிடமாகக் குறைத்து வைத்திருந்தால் பழைய இடத்தை அன்றைக்கே மூடிவிடலாம்.